பனிக்கரடியை நடந்து போய்ப் படமெடுக்க முடியுமா? ஏற்காட்டில் காட்டெருமை எடுக்கும் ஒரு தம்பிக்குப் பதில்

கேட்கப்பட்டது இது: "அண்ணா, எனக்குச் சேலம் அஸ்தம்பட்டி. ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஓரமாக வரும் காட்டெருமைகளைக் கொஞ்ச வருடமாகவே நடந்து போய்த்தான் எடுக்கிறேன். வண்டியில் உட்கார்ந்து எடுப்பதில் எனக்கு மனசு ஒட்டவில்லை. ஆர்க்டிக்கில் பனிக்கரடியையும் அப்படி எடுக்க முடியுமா? எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆபத்து, எந்த லென்ஸ், என்ன செலவு?"

முடியும் தம்பி. ஆனால் சட்டமும் இடம் கொடுத்து, கூட நடக்கத் தெரிந்த ஆளும் கிடைக்கும் இடங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். அதில் முதலில் சொல்ல வேண்டியது கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரை. அங்கேயும் நீங்கள் ஏற்காட்டில் செய்வதைப் போல மரத்துக்கு மரம் ஒதுங்கி, காற்று பார்த்து, மெல்லக் கிட்டே போகும் வேலை நடக்காது. ஒதுங்க மரமும் இல்லை, கிட்டே போக விடவும் மாட்டார்கள். ஓர் இடம் வரைக்கும் நடப்பீர்கள், பிறகு நிற்பீர்கள். கரடி வருவதா, எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்போது திரும்பிப் போவது என்பதெல்லாம் கரடியின் கையில். இது உங்களுக்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பனிக்கரடி இருப்பது ஐந்து நாடுகளின் எல்லைக்குள்: கனடா, அமெரிக்காவின் அலாஸ்கா, ரஷ்யா, டென்மார்க்கின் கீழ் உள்ள கிரீன்லாந்து, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள். மொத்தம் 22,000-இலிருந்து 31,000 வரை இருக்கலாம் என்பது கணக்கு. அதில் பெரும்பங்கு கனடாவில்தான்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் கேட்பது ஸ்வால்பார்டைப் பற்றி. ஆஸ்லோவில் இருந்து நேரடி விமானம், கப்பலில் ஒரு சுற்று, கண்ணுக்கு எட்டிய தூரம் பனிமலை. நம் நாட்டுக்கும் அங்கே ஒரு தொடர்பு உண்டு. அங்குள்ள நீ-ஆலசுண்ட் என்ற இடத்தில் 2008-இல் இருந்து இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆசைக்கு அது சரிப்படாது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே கரடிக்கும் ஆளுக்கும் நடுவே குறைந்தது 300 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். மார்ச் 1-இலிருந்து ஜூன் 30 வரை 500 மீட்டர். படகு, ஸ்னோமொபைல், நடை எதற்கும் விலக்கு இல்லை. கரடியைத் துரத்துவதும், ஆசை காட்டி இழுப்பதும் அதற்கு முன்பிருந்தே குற்றம். கரையில் இறங்க நினைத்த இடத்தில் கரடி தெரிந்தால் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள். 500 மீட்டரில் இருக்கும் கரடி 600 மி.மீ. லென்ஸிலும் சின்ன உருவமாகத்தான் விழும். பெரிய நிலப்பரப்பில் ஒரு சின்னக் கரடி என்று எடுக்கத் தெரிந்தவருக்கு அது போதும், அப்படி எடுத்த அருமையான படங்களும் உண்டு. நீங்கள் கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். போவதானாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்வால்பார்ட், ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்கு வெளியே. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவில் போனால் திரும்ப ஆஸ்லோவுக்குள் நுழைய முடியாமல் போகும். இருமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அலாஸ்காவின் காக்டோவிக்கில் கரடி பார்ப்பது என்றால் படகில் இருந்துதான் பார்த்து வந்தார்கள். ரஷ்யாவின் ராங்கல் தீவில் கரடி ஏராளம், அனுமதி வாங்குவது பெரும்பாடு. கிரீன்லாந்தில் வேட்டைப் பழக்கம் இன்னும் இருக்கிறது. இவை மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

ஆக, ஹட்சன் விரிகுடா. அதன் மேற்குக் கரையில் மானிடோபா மாகாணத்தின் சர்ச்சில் என்ற ஊர், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். வெளியில் இருந்து சாலை கிடையாது. வின்னிபெக்கில் இருந்து விமானம், இல்லையென்றால் கிட்டத்தட்ட இரண்டு நாள் ஓடும் ரயில். கரடிகள் ஏன் அங்கே கூடுகின்றன என்று தெரிந்துகொண்டால், எந்த மாதம் போவது என்பது தானாகவே விளங்கிவிடும். பனிக்கரடியின் சாப்பாடு சீல் என்ற கடல் பிராணி. சீலைப் பிடிக்க அதற்குக் கடல்மேல் உறைந்த பனித்தளம் வேண்டும். இந்த விரிகுடா கோடையில் முழுக்க உருகிவிடுவதால், ஜூலை வாக்கில் கரடிகள் வேறு வழியில்லாமல் கரையேறுகின்றன. அங்கிருந்து நவம்பரில் கடல் மறுபடி உறையும் வரை ஏறக்குறைய பட்டினி. கரையில் கிடைக்கும் பெர்ரி, கடற்பாசி, முட்டை எல்லாம் வாய்க்கு ருசி, வயிற்றுக்குப் போதாது. உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் நாளைக் கடத்துகின்றன, நாளைக்கு ஒரு கிலோ அளவுக்கு எடை இறங்கும். சர்ச்சில் பக்கம் ஆறுகளின் நன்னீர் கடலில் கலப்பதால் கரையோரம் சீக்கிரம் உறைகிறது. அதற்காகத்தான் அக்டோபர், நவம்பரில் கரடிகள் அங்கே வந்து காத்துக் கிடக்கின்றன.

ஊருக்குள் நடந்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மாதங்களில் சர்ச்சில்காரர்களே இருட்டிய பிறகு தெருவில் நடக்க யோசிப்பார்கள். யாராவது ஓடி வந்து ஏறிக்கொள்ளட்டும் என்று கார்க் கதவைப் பூட்டாமல் விடுவது அந்த ஊர் வழக்கம். ஊருக்குள் நுழையும் கரடியைப் பிடித்து அடைக்க ஒரு கட்டடமே இருக்கிறது. ஊரில் அதைக் கரடி ஜெயில் என்கிறார்கள். தண்ணீர் மட்டும் உண்டு, தீனி கிடையாது. மனிதன் இருக்கும் இடத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று அது பழகிவிடக் கூடாதே, அதற்காக. பிறகு மயக்க ஊசி போட்டு, ஹெலிகாப்டரில் தூக்கிப் போய் வடக்கே விடுவார்கள். சுற்றுலா வருபவர்களில் பெரும்பாலோர் ஆளுயரச் சக்கரம் வைத்த டன்ட்ரா வண்டியில்தான் போகிறார்கள். பத்திரமானது, கரடியும் நிறைய. ஒரே குறை, கேமரா மேலே இருக்கும், கரடி கீழே இருக்கும். கரடியின் முதுகும் தரையும்தான் படத்தில் நிறையும். கண்ணுக்கு நேராகக் கண் வைத்து, பின்னால் அடிவானம் தெரிகிற மாதிரி எடுக்க ஆசைப்படுகிறவர்கள்தான் நடைக்குப் போகிறார்கள். என்னைக் கேட்டால் நடைக்குப் போவதற்கு நியாயமான ஒரே காரணம் அந்தக் கோணம்தான். கிட்டே போக வேண்டும் என்பது காரணமாக இருந்தால் டன்ட்ரா வண்டிக்கே போங்கள், சில சமயம் கரடி வந்து வண்டியின் பக்கவாட்டில் கால் வைத்து நிமிர்ந்து நிற்கும்.

நடை இருப்பது சர்ச்சிலுக்கு வெளியே, கரையோரமாகத் தனித்துக் கிடக்கும் லாட்ஜ்களில். வடக்கே சீல் ஆறு கடலில் சேரும் பக்கமும், தென்கிழக்கே யார்க் ஃபேக்டரி என்ற பழைய வணிகத்தலத்தின் பக்கமும் அப்படிப்பட்டவை இருக்கின்றன. சின்ன விமானத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். கட்டடத்தைச் சுற்றிக் கம்பிவேலி. வேலிக்கு வெளியே கால் வைத்தால் நீங்களாக எதுவும் செய்ய முடியாது.

ஒரு நடை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் வழிகாட்டி உயரத்தில் ஏறி நின்று பைனாகுலரில் சுற்றுவட்டாரம் முழுக்கப் பார்ப்பார். அவர் தேடுவது எழுந்து நடக்கும் கரடியைவிட, வில்லோ புதருக்குள்ளும் கடற்பாசிக் குவியலிலும் படுத்துத் தூங்கும் கரடியை. தெரியாமல் அதன் மேல் போய் முட்டிக்கொள்வதுதான் பெரிய வம்பு. பிறகு எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விடாமல், வரிசையாக நடக்க வேண்டும். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர், இருவரிடமும் வெடிச்சத்தக் குண்டும் துப்பாக்கியும். கடல் வற்றும்போது அந்தக் கரை ஒரு பெரிய சேற்று மைதானமாக வெளியே வரும், நடுநடுவே யானை அளவுக்குப் பாறைகள். நடப்பது லேசில்லை, பூட்ஸ் சேற்றில் சப்புச் சப்பென்று இறங்கும். படம் கண்ணில் பட்டது என்று வரிசையை விட்டு இரண்டு எட்டு விலகினால் உடனே அதட்டல் வரும். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

கரடி தெரிந்ததும் வரிசை குழுவாக நெருங்கி நின்றுகொள்ளும். பார்க்கிற கரடிக்கு ஆறேழு தனி ஆள்களாகத் தெரியாமல் ஒரே பெரிய உருவமாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. கரடி நின்று மூக்கைத் தூக்கும். சில சமயம் அப்படியே படுத்துவிடும், ஒரு மணி நேரம் நகராது, நீங்களும் நகர மாட்டீர்கள். சில சமயம் எழுந்து உங்கள் பக்கம் நடக்கும். நேராக வராது. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, நடுவில் எதையோ முகர்வது போல ஒரு பாவனை, பிறகு இன்னும் பத்தடி. அந்த நேரத்தில் வழிகாட்டி அதனிடம் பேச ஆரம்பிப்பார். சத்தம் போட்டல்ல, வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும் குரலில், "போதும்பா, அங்கேயே நில்லு" என்கிற தோரணையில். அது கேட்காவிட்டால் கையில் வைத்திருக்கும் இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவார். டொக், டொக். வெறிச்சோடிய அந்தக் கரையில் அந்தச் சத்தம் ரொம்ப தூரம் போகும். பெரும்பாலான கரடிகள் அதிலேயே நின்றுவிடும், சில திரும்பி நடக்கும். அதற்கும் மசியாவிட்டால் அடுத்து வெடிச்சத்தம். துப்பாக்கி எல்லாவற்றுக்கும் கடைசி. அதை எடுக்கும் நிலைமை வந்தால் அன்றைய நடையைச் சரியாக நடத்தவில்லை என்றுதான் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது காட்டெருமைக்கு வருகிறேன். ஏற்காட்டில் உங்கள் கை பழகியது எல்லாம் அங்கே நேர் எதிராக வேலை செய்யும். காட்டெருமைக்கு நீங்கள் ஒரு தொந்தரவு. விலகத்தான் பார்க்கும். விலக வழியில்லை, கன்று கூட இருக்கிறது, அல்லது ஒற்றையாகத் திரியும் பெரிய எருமை மிரண்டுவிட்டது என்றால் முட்ட வரும். முட்டித் தள்ளிவிட்டு அதன் வழியில் போய்விடும். பனிக்கரடிக்கு மனிதனைப் பார்த்தால் பயத்துக்கு முன்னால் வருவது ஆர்வம். இது என்ன, தின்னக்கூடியதா என்று பார்க்கத்தான் வருகிறது. அதனால் காட்டெருமையிடம் நீங்கள் கடைப்பிடிக்கும் மறைவு, அசையாமை, சத்தமின்மை மூன்றும் அங்கே ஆபத்து. பாறைக்குப் பின்னால் குனிந்து ஒளிந்தால் அதன் ஆர்வம் கூடும். தனியாக விலகி உட்கார்ந்தால் கூட்டத்தைவிட உங்களைத்தான் கவனிக்கும். தாழ்வான கோணத்துக்காக மண்டியிட வேண்டுமா? கேட்டுவிட்டு மண்டியிடுங்கள், கரடி தூரத்தில் இருக்கும்போது விடுவார்கள். காற்றுக்கு எதிராக நின்று மோப்பத்தை மறைக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பனிக்கு அடியில் இருக்கும் சீலையே மோப்பம் பிடிக்கிற மூக்கு அது.

ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய ஆண் கரடி 350-இலிருந்து 600 கிலோ வரை இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அத்தனை கொழுப்பை வைத்துக்கொண்டு அதனால் நெடுநேரம் ஓட முடியாது, உடம்பு சூடேறிவிடும். ஆனால் உங்களைப் பிடிக்க நெடுநேரம் தேவையில்லை. அதனால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், வழிகாட்டி சொன்னால் முகம் கரடியைப் பார்த்தபடியே பின்னால் நகருங்கள்.

கரடியின் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்வது படத்துக்கும் உதவும், உயிருக்கும் உதவும். பின்னங்காலில் எழுந்து நின்றால் பார்க்கிறவர்கள் அலறுவார்கள். பெரும்பாலும் அது தூரத்தில் இருப்பதைச் சரியாகப் பார்க்கவும் முகரவும் எழுவதுதான். தலை தாழ்ந்து, காது பின்னால் மடிந்து, கண் உங்கள் மேலேயே நிலைத்திருந்தால் அதுதான் நல்லதில்லை. புஸ் புஸ்ஸென்று மூச்சை ஊதுவதும், தாடையைக் கடகடவென்று தட்டுவதும் 'கிட்டே வந்துவிட்டாய், போ' என்பதன் அடையாளம். கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்று நினைத்து ஆளாளுக்குச் சிரிப்பார்கள். உறங்கி எழுந்த கரடி விடும் கொட்டாவி வேறு, உங்களையே பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்ப விடும் கொட்டாவி வேறு. இரண்டாவது பதற்றம்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். 1870-இலிருந்து 2014 வரை ஐந்து நாடுகளிலும் காட்டில் திரியும் பனிக்கரடிகள் மனிதரைத் தாக்கிய பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் திரட்டியிருக்கிறார்கள். மொத்தம் 73 தாக்குதல்கள், 20 பேர் இறந்திருக்கிறார்கள், 63 பேருக்குக் காயம். நூற்று நாற்பது வருடத்துக்கு இது பெரிய எண்ணிக்கை இல்லை. நம் மலைகளில் யானையும் காட்டெருமையும் செய்வதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அங்கே ஆள் நடமாட்டமே குறைவு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் அதிகம் கவனிக்க வேண்டியது வேறு: மனிதருக்கு ஆபத்தாக அமைந்தவற்றில் இளைத்துப்போன, பசியில் இருக்கும் ஆண் கரடிகள்தான் முன்னால் நிற்கின்றன. ஆகவே விலா எலும்பு தெரியும் கரடி உங்கள் பக்கம் வந்தால் அது படத்துக்கான நேரம் இல்லை, கிளம்பும் நேரம். இன்னொன்று கூடாரம். 2011-இல் ஸ்வால்பார்டில் மாணவர்கள் கூடாரம் போட்டிருந்த இடத்திலும், 2020 ஆகஸ்டில் அதே ஸ்வால்பார்டின் லாங்யியர்பியன் ஊர் விமான நிலையத்துக்குப் பக்கத்து முகாமிலும் ஆள் இறந்தது கூடாரத்தில் இருந்தபோது கரடி வந்துதான். அதனால் கூடாரம் போட்டுத் தங்கும் மலிவான பயணம் என்று யாராவது விளம்பரம் செய்தால், இரவில் யார் முறைபோட்டுக் காவல் இருப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். சர்ச்சிலில் 1983-இல் ஒருவர் இறந்தார். தீப்பிடித்து எரிந்த ஓட்டலுக்குள் இருந்து இறைச்சியை எடுத்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்தவர் அவர். நம் ஆட்கள் வெளியூர் போனால் பையில் முறுக்கு, எள்ளுருண்டை, ஊறுகாய் பாட்டில் இல்லாமல் போக மாட்டார்கள். லாட்ஜுக்குள் தின்னுங்கள், நடைக்கு எடுத்துவராதீர்கள்.

சரி, இப்போது கேமரா. லென்ஸில் பணத்தைக் கொட்ட வேண்டாம். வரிசையில் நடந்து, நின்று, சட்டென்று நகர வேண்டிய இடத்தில் மூன்று நான்கு கிலோ எடையுள்ள 600 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸும் டிரைபாடும் பெரிய பாரம். 100-500, 150-600, 200-600 என்று இருக்கும் ஜூம் ஏதாவது ஒன்று கையில் போதும். கரடி எவ்வளவு கிட்டே வரும் என்று உங்களால் சொல்ல முடியாது என்பதால் ஜூம்தான் சௌகரியம். கூடவே இன்னொரு கேமரா பாடியில் 24-105 அல்லது 70-200 மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் பனித்தூள் பறக்கும்போது லென்ஸ் மாற்றினால் சென்சார் தொலைந்தது. அந்தக் கரையில் நான் பார்த்தவரை, பலரும் கரடியின் முகத்தையே நிறைக்கப் போய் அந்த இடத்தையே தவற விடுகிறார்கள். கரடி முகம் உயிரியல் பூங்காவிலும் கிடைக்கும். ஆகஸ்டில் இளஞ்சிவப்புப் பூக்கள் அடர்ந்த கரையில் ஒரு கரடி, பின்னால் வற்றிய கடலும் பாறைகளும் என்று கிடைப்பதற்குத்தான் அத்தனை தூரம் நடக்கிறோம்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதுதான் எல்லோரையும் வாட்டுவது. பனி வெள்ளை, கரடி வெள்ளை என்று சொல்கிறோம், உண்மையில் கரடி வெள்ளை இல்லை. அதன் தோல் கறுப்பு, ரோமம் நிறமற்றது, ஒளி சிதறி வெளுப்பாகத் தெரிகிறது. சீல் கொழுப்பும் வெயிலும் பட்டு இளமஞ்சள் ஏறியிருக்கும். வெள்ளைப் பின்னணியில் இளமஞ்சள் உருவம், அதில் கறுப்பு மூக்கு, கறுப்புக் கண். கேமராவை அதன் போக்கில் விட்டால் எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்ட வேண்டும், ஆனால் ரோமத்தின் விளிம்பு வெளுத்துப் போகக் கூடாது. இதைப் பழக ஆர்க்டிக் போக வேண்டியதில்லை. சேலத்தைச் சுற்றி எத்தனை சேகோ ஃபேக்டரி! மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் காயும் களத்தில் காலை ஒன்பது, பத்து மணி வெயிலில் போய் நில்லுங்கள், கேட்டுக்கொண்டுதான். கண் கூசும் வெள்ளை. அதற்கு நடுவில் பழுப்பேறிய வேட்டி கட்டிய ஒருவரைப் பலகையால் மாவு கிளறச் சொல்லி எடுங்கள். வேட்டியின் மடிப்பும் தெரிய வேண்டும், மாவின் மேல்பரப்பில் பலகை இழுத்த கோடும் தெரிய வேண்டும், அவர் கறுத்த முகத்தில் கண்ணும் தெரிய வேண்டும். மூன்றும் ஒரே படத்தில் வந்துவிட்டால் உங்களுக்குப் பனிக்கரடி எடுக்கத் தெரியும். கேமரா திரையில் வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தைத் தொடாமல் அதற்குச் சற்று முன்னால் நிற்கும் இடத்தைக் கை தானாகக் கண்டுபிடிக்கும் வரை போய்க்கொண்டே இருங்கள். RAW ஃபைலாக எடுங்கள். மேகமூட்டத்தில் பனி நீலம் பாய்ந்துதான் வரும், அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், முழுக்க எடுத்துவிடாதீர்கள்.

பறக்கும் பறவையை ஃபோகஸில் வைத்திருக்கும் பழக்கத்துக்கு உங்கள் சேலத்து மூக்கனேரியில் கொக்கும் நாரையும் இருக்கின்றன. பனிக்கரடி அவ்வளவு வேகமாக அசையாது. ஆண் கரடிகள் நவம்பரில் எழுந்து நின்று ஒன்றையொன்று தள்ளி விளையாட்டுச் சண்டை போடும்போது மட்டும் ஷட்டர் 1/1000-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை நீங்கள் போகும் மாதத்தைப் பொறுத்தது. ஆகஸ்டில் சர்ச்சில் பக்கம் ஏற்காட்டு மார்கழி மாதிரியான நாள்களும் உண்டு, கொசுத்தொல்லை மட்டும் ஏற்காட்டைவிட அதிகம். நவம்பரில் உறைநிலைக்குக் கீழே போய்விடும். பிப்ரவரி கடைசி, மார்ச் மாதம் வேறு உலகம். சர்ச்சிலுக்குப் பக்கத்து வாபஸ்க் தேசியப் பூங்காவில் தாய்க்கரடி குட்டிகளோடு பனிவளையை விட்டு வெளியே வரும் காலம் அது. அந்தப் படத்துக்காக மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரியில் தூரத்தில் நின்று மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தாய் வளையை விட்டு வராத நாளும் உண்டு, வெறும் பனிமேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். முதல் பயணத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விரல் நுனியில் ரத்த ஓட்டம் நின்றுபோகிற குளிரில் கேமராவைப் பழகுவது வீண்வேலை.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உண்மையில் செத்துப்போவதில்லை, சூடானதும் கொஞ்சம் உயிர் வரும். அதனால் மாற்றுப் பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். வீட்டு ஃப்ரீசரில் ஒரு பேட்டரியைக் காற்றுப் புகாத கவரில் போட்டு இரவு முழுக்க வைத்து, காலையில் எடுத்து மாட்டி எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். மைனஸ் 18 டிகிரிக்கே உங்கள் பேட்டரியின் லட்சணம் தெரிந்துவிடும். ஈரம் இன்னொரு வில்லன். வெளியில் உறைந்த கேமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுபோனால் கண்ணாடி உள்ளேயும் வெளியேயும் வேர்த்துவிடும். வெளியே இருக்கும்போதே பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, உள்ளே கொண்டுபோய் மூன்று நான்கு மணி நேரம் திறக்காமல் விட வேண்டும். மெமரி கார்டை மட்டும் முன்பே எடுத்து வைத்துக்கொண்டால் படம் பார்க்க அவசரப்பட்டுக் கவரைப் பிரிக்க மாட்டீர்கள். வியூஃபைண்டரில் மூச்சு பட்டால் உடனே பனிப்படலம், மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழகுங்கள். உடுப்பில் பருத்தி வேண்டாம். வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு கனத்த அடுக்கு, வெளியே காற்றுப் புகாத அடுக்கு. கைக்கு மெல்லிய உள்ளுறை, மேலே விரல் பிரியாத பெரிய உறை. ஊட்டி கடைத்தெருவில் வாங்கும் ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். கனத்த மேலங்கியையும் பூட்ஸையும் வாடகைக்குத் தருகிறார்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தேசியப் பூங்காவில் தடை, மற்ற இடத்திலும் கரடி அதைக் கண்டு எழுந்து ஓடினால் நஷ்டம் அதற்குத்தான். நாலு மாதம் பட்டினி கிடக்கும் பிராணிக்கு ஒவ்வொரு ஓட்டமும் கொழுப்புக் கணக்கில் கழிவு. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1980-களில் 1,200 அளவில் இருந்த கரடிகள் 2016-இல் 842 என்றும் 2021-இல் 618 என்றும் மதிப்பிடப்பட்டன. பனித்தளம் முன்பைவிடச் சீக்கிரம் உடைந்து தாமதமாக உறைவதுதான் இதில் பெரிய பங்கு. நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், "எவ்வளவு கிட்டே கூட்டிப் போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மீட்டர் கணக்கில் பெருமையாகச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

செலவு. லாட்ஜில் தங்கி ஒரு வாரம் நடப்பதற்கு ஆளுக்குப் பத்தாயிரம் கனடிய டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது, அதாவது ஆறு லட்சம் ரூபாயில்தான் பேச்சே ஆரம்பிக்கும். விமானம், விசா, உடுப்பு, இன்ஷூரன்ஸ் தனி. இடமும் கொஞ்சம்தான், ஒரு வருடத்துக்கு மேல் முன்கூட்டியே நிரம்பிவிடும். அவ்வளவு முடியாது என்றால் வின்னிபெக்கில் இருந்து ரயிலில் சர்ச்சில் போய், ஊருக்குள் தங்கி, டன்ட்ரா வண்டியில் ஒன்றிரண்டு நாள் எடுங்கள். ஒரு நாள் டிக்கெட் சில நூறு டாலரில் முடியும். வண்டி என்றால் உங்களுக்குக் கசக்கும், தெரியும். ஆனாலும் கரடி எப்படி நடக்கும், எப்படி நிற்கும் என்று கண் பழகிய பிறகு நடைக்குப் போனால் கொடுத்த காசுக்குப் படம் கிடைக்கும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஆபத்தில் விமானத்தில் தூக்கிவரும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். கனடா விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னையோ பெங்களூரோ போக வேண்டியிருக்கும், நமக்குப் பெங்களூர்தான் பக்கம். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று அமெரிக்கா வழியாகப் போட்டுவிடாதீர்கள், விமானம் மாறுவதற்கே தனியாக விசா கேட்பார்கள். சின்ன விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கறாராக இருக்கும், கேமராப் பையோடு சேர்த்து வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். பெரிய லென்ஸைப் பெங்களூரில் வாடகைக்கு எடுத்துப் போவதானால் வெளிநாடு கொண்டுபோவதைக் கடைக்காரரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். கிளம்பும்போது விமான நிலையச் சுங்கப் பிரிவில் கேமரா, லென்ஸ்களின் சீரியல் நம்பரைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது புதிதாக வாங்கி வந்தீர்களா, வரி கட்டுங்கள் என்ற வாக்குவாதம் இருக்காது. அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு சேலத்தில் இருந்து கிளம்புங்கள்.